மேயரின் மீசைக்கு அடியில்

மேயரின் மீசை சரியாக மூன்று மடிப்பு அகலம். சான் புருதென்சியோ ஊரில் அந்த மீசையைப் பார்க்காதவர்கள் கிடையாது. ஆனால் அளந்து பார்த்தவள் ஒருத்திதான். அவள் பெயர் ஒப்துலியா. சந்தைக்குப் பின்புறத் தெருவில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறவள். அளந்தது மட்டுமல்ல, அந்த மீசையைப் பெரிதாக்கியதும் அவள் கைதான். குற்றம் சொல்வதற்காக இதை முதலில் சொல்லவில்லை, கண்ணுகளா. யாரும் சொல்லாமலே அவள் தினம் பத்துத் தடவை தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

அந்த ஊர் நகராட்சியில் ஓர் இயக்ககம் உண்டு. நலக்காதல் வளர்ப்பு மற்றும் இளையோர் காதல் வன்முறைத் தடுப்பு இயக்ககம். பெயரை ஒரே வரியில் அடிக்க நாலு மீட்டர் ஃப்ளெக்ஸ் பிடிக்கும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் காதலிக்கும்போது அடிக்காமலும் மிரட்டாமலும் இருக்கக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. அதற்காக ஓர் இயக்குநர், மூன்று துணை இயக்குநர்கள், படம் எடுக்க இரண்டு பேர், முத்திரை குத்துவதற்கு நபோர் என்று ஒரு பெரியவர். கற்றுக்கொடுப்பதற்கும் ஒருத்தி இருந்தாள். மெக்சிகோ நகரத்திலிருந்து வந்த மனநல ஆலோசகர், சின்னப் பெண். ஆறு மாத ஒப்பந்தம். முடிந்தது, அனுப்பிவிட்டார்கள்.

போகிறதற்கு முன்னால் அந்தப் பெண் உருப்படியாக ஒரு காரியம் செய்தாள். அட்டையில் ஒரு விசிறி. பன்னிரண்டு மடிப்பு, மடிப்புக்கு ஒரு வரி. முதல் மடிப்பில் 'நீ உடுத்துவதைக் கேலி செய்கிறான்' என்று இருக்கும். இரண்டாவதில் 'உன் கைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்கிறான்'. இப்படியே ஏறிக்கொண்டு போகும். ஆறாவதில் 'நீ யாரோடு பேசலாம் என்று அவன் முடிவு செய்கிறான்'. பன்னிரண்டாவது மடிப்பில் ஒரே ஒரு சொல், கறுப்பில். ஒரு பெண் தன் கதை எந்த மடிப்பு வரை வந்திருக்கிறதோ அதுவரை விசிறியை விரித்துக் காட்டினால் போதும். வாய் திறந்து சொல்ல வேண்டிய வெட்கம் இல்லை. நல்ல யோசனைதான்.

பிப்ரவரிக் காற்றில் தாடை கிட்டிக்கும் ஊரில் விசிறி எதற்கு என்று கேட்கலாம். புனித வார ஊர்வலத்துக்கென்று விசிறி வாங்க அனுமதி ஆகியிருந்தது. கையேடாக, துண்டுத் தாளாக மாற்ற வேண்டுமென்றால் ஏழு கையெழுத்து. விசிறி விசிறியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒப்துலியா முதலில் அடித்துக் காட்டியதில் மேயரின் படம் தபால்தலை அளவு, ஓர் ஓரத்தில். இயக்குநர் பெர்பெதுவா சமர்ரிபா கடைக்கே வந்துவிட்டார். அந்த ஊரில் படித்துப் பட்டம் வாங்கிய பெண்களை லிசென்சியாதா என்றுதான் கூப்பிட வேண்டும், வாங்கியதாகச் சொல்கிறவர்களையும்தான். மற்ற மூத்த பெண்கள் எல்லாம் தோன்யா.

"மேயரைத் தேட வேண்டியிருக்கே, தோன்யா ஒப்துலியா. இளைஞர்கள் அவர் முகத்தைப் பார்த்து நம்பிக்கை கொள்ள வேணாமா?"

பெரிதாக்கினாள். போதாது. இன்னும் பெரிதாக்கினாள். முகம் எழுத்தின்மேல் ஏறியது. கன்னத்தையும் நெற்றியையும் மங்கலாக்கி எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடலாம் என்றாள். லிசென்சியாதா சம்மதித்தார், மீசை மட்டும் மங்கக் கூடாது. மீசைதான் மேயர்.

"லிசென்சியாதா, மீசைக்குக் கீழ மூணு மடிப்பு எழுத்து மறைஞ்சு போகுதுங்க."

"எந்த மூணு?"

"ஏழு, எட்டு, ஒம்பது."

லிசென்சியாதா விரல்விட்டு எண்ணினார். "பன்னெண்டுல மூணு போனா ஒம்பது இருக்கு. பரீட்சையில இவ்வளவு வாங்கினா நாம சந்தோஷப்பட மாட்டோமா? அடிங்க."

ஒப்துலியா அடித்தாள். நாலாயிரம் விசிறி. ஆர்டர் கொடுக்கிறவர் சொன்னால் அடிப்பதுதானே தொழில். போன வருடம் செத்துப்போன ஒரு கவுன்சிலருக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஃப்ளெக்ஸ் அடித்தவள் அவள். அப்போதும் கேட்டாள், அடிங்க என்றுதான் சொன்னார்கள்.

அவள் மகள் யாரெலிக்குப் பதினாறு வயது. வாய் கொஞ்சம் நீளம், சிரிப்பு அதைவிட நீளம். எட்சன் என்கிற பையனோடு எட்டு மாதம் சுற்றினாள். பிறகு போதும் என்று சொல்லிவிட்டாள். எட்சன் தலையை எண்ணெய் தடவி வாரிக்கொண்டு, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பையன். ஊரில் அவனைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. போதும் என்று சொன்ன மறுநாளிலிருந்து அவன் ஃப்ளெக்ஸ் கடை வாசலில் வந்து நின்றான். காலையில் நின்றான், பள்ளி விட்டதும் நின்றான். "வணக்கம், அத்தை" என்று ஒப்துலியாவைப் பார்த்துச் சிரிப்பான். மாமியாரைக் கூப்பிடுகிற முறை.

"எந்த அத்தைடா? கல்யாணமே இல்லாம?"

"ஆகத்தானே போகுது, அத்தை. நான் பொறுமையான ஆளு."

டிசம்பர் மாதம் ஒரு நாள் யாரெலி கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். குளிருக்கு என்றாள். சோறு தின்னும்போது சால்வை நழுவியது. நாலு விரலும் ஒரு கட்டைவிரலும், ஃப்ளெக்ஸில் அடித்த மாதிரி பளிச்சென்று.

ஒப்துலியா கணினியைத் திறந்து அந்த ஆலோசகர் பெண் அனுப்பிய பழைய கோப்பைத் தேடினாள். ஏழு: 'முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் வாசலில் வந்து நிற்கிறான்.' எட்டு: 'கையையோ கழுத்தையோ பிடித்து இறுக்குகிறான்.' ஒன்பது: 'என்னை விட்டுப் போனால் உன்னைக் கொல்வேன் என்கிறான், அல்லது நான் சாவேன் என்கிறான்.'

"ஒம்பதும் சொன்னானா?"

யாரெலி தலையாட்டினாள். "ரெண்டையும் சொன்னான்மா. வரிசை மட்டும் இன்னும் முடிவு பண்ணலையாம்."

மறுநாள் காலை ஒப்துலியா இயக்ககத்துக்குப் போனாள். அவள் அடித்த ஃப்ளெக்ஸ்தான் வாசலில்: 'பேசு! நாங்கள் கேட்கிறோம்!' அதற்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது, கேட்கும் நேரம் பத்திலிருந்து பதினொன்றரை. நபோர் முத்திரையையும் மைப்பெட்டியையும் துடைத்து நேராக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த மடிப்பும்மா?"

"எட்டு. ஏழும் உண்டு. ஒம்பதும் சொல்லிட்டான்."

நபோர் ஒரு விசிறியை எடுத்து விரித்தார். விரலால் தடவிக்கொண்டே போனார். "ஆறு இருக்கு. அடுத்தது பத்து. நீங்க சொல்றது இதுல இல்லையே."

"மீசைக்கு அடியில இருக்குங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மேயர் மீசைக்கு அடியில என்ன இருக்குன்னு நான் தேடுறது மரியாதையா இருக்குமா, சொல்லுங்க?"

"நான்தான் அடிச்சேன். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்றது? படிவத்துல விசிறியில இருக்கிற எண்ணைத்தான் போட முடியும். ஆறுன்னு போடவா? ஆறுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் தருவோம், வழுவழு தாளு. பத்துன்னு போட்டா அரசு வக்கீல் ஆபீசுக்குப் போகும். ஆனா பத்துக்கு எலும்பு முறிஞ்சதுக்கான ஆஸ்பத்திரிச் சீட்டு வேணும். இருக்கா?"

"இல்லை."

"அப்படியா! நல்லதாப் போச்சு!" என்றார் நபோர். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். நல்ல மனுஷன், அவருக்கும் மூன்று பெண்கள்.

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை என்றதும் லிசென்சியாதாவே வெளியில் வந்து அவளைக் கட்டிக்கொண்டார். படம் எடுக்கிற பையன் ஓடிவந்தான். பின்னால் ஃப்ளெக்ஸ் தெரியவில்லை என்று மறுபடி கட்டிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை ஒப்துலியா கையில் ஒரு விசிறியைக் கொடுத்தார்கள்.

"உங்க வலி எனக்குப் புரியுது, தோன்யா. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது தடுப்பு இயக்ககம். தடுப்புன்னா என்ன? நடக்கிறதுக்கு முன்னாடி. உங்க பொண்ணு விஷயம் நடந்துபோச்சு. நடந்ததை யாராலயாவது தடுக்க முடியுமா? கடவுளாலயே முடியாது. நீங்க முந்தாநாள் வந்திருக்கணும்."

"முந்தாநாள் ஒண்ணும் நடக்கலையே, லிசென்சியாதா."

"அதத்தான் நானும் சொல்றேன்! அப்ப வந்திருந்தா உங்களை எவ்வளவு அருமையாத் தடுத்திருப்போம்!"

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டாள். 'கவனிக்கப்பட்டவர்' என்கிற கட்டத்தில் அவள் பெயர் ஏறியது.

வீட்டில் யாரெலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்ப மேயர் ஷேவ் பண்ணினாத்தான் எனக்கு நியாயம் கிடைக்கும்." பிறகு சிரிக்கவில்லை. "நீ அடிச்ச விசிறிதானேம்மா?" என்று மட்டும் கேட்டாள். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் ஒப்துலியாவை அறுத்தது.

நபோர் ஆறு என்றே எழுதி அனுப்பிய படிவத்துக்கு ஜனவரி தொடக்கத்தில் பதில் வந்தது. யாரெலி 'மனம் திறக்கும் வட்டம்' என்கிற ஐந்து வாரப் பயிற்சிக்கு வர வேண்டும். வட்டம் முழுமையாக இருக்க வேண்டுமாம், அதனால் எட்சனுக்கும் அதே கடிதம் போயிருந்தது. வராவிட்டால் பள்ளி நன்னடத்தையில் ஐந்து மதிப்பெண் போகும்.

முதல் வாரம் ஒப்துலியாவும் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். ஆலோசகர் இல்லாததால் தோட்டத்துறையிலிருந்து ஒருவரை இரவல் வாங்கியிருந்தார்கள். செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரிதான் காதலும் என்று ஆரம்பித்து, செடியைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு மனம் திறக்கச் சொன்னார். எட்சன் எழுந்து நின்றான்.

"என்னோட உணர்வுகளைச் சொல்ல எனக்கும் ஒரு இடம் வேணும், ஐயா. நான் அவங்க வீட்டு வாசல்ல நிக்கும்போது யாரெலி கதவைச் சாத்துறா. அது என்னை எவ்வளவு காயப்படுத்துதுன்னு அவ ஒரு நாளும் கேட்டதில்லை. அவ என் எல்லையை மதிக்கணும்."

கைதட்டினார்கள். தோட்டத்துறைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரெலியின் முறை வந்தபோது அவள் சால்வையை இறக்கி, "என் எல்லை இங்கதான் இருந்துச்சு, ஐயா" என்று கழுத்தைக் காட்டினாள். அதற்குள் தடம் மங்கியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அழுக்கு மாதிரித்தான் தெரிந்தது. குற்றம் சாட்டும் தொனியில் பேசக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்த விதியைத் தோட்டத்துறைக்காரர் அன்பாகச் சுட்டிக்காட்டினார்.

எட்சன் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. யாரெலி வருகிற இடம், எப்படித் தவறுவான்? பெண்களுக்கு மட்டும் என்று தனியாக ஒரு நாள் வைத்த வகுப்புக்கும் வந்து கதவோரம் நின்றான். ஐந்து வாரத்தில் ஆறு வருகை அவன் கணக்கில். இயக்ககம் ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு வருகையை யாரும் பார்த்ததில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் லிசென்சியாதாவிடமிருந்து கடைக்கு ஆர்டர் வந்தது. தோளில் போடும் பட்டை ஒன்று, பளபளக்கும் துணியில்: 'நலக்காதல் தூதர்'. பெயர்: எட்சன்.

ஒப்துலியா இந்த முறை அடிக்க மாட்டேன் என்றாள். பக்கத்து ஊரில் அடித்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி பதினாலு, காதலர் தினம். பள்ளியில் வருடா வருடம் நடக்கும் கெர்மெஸ், அதாவது பிள்ளைகளே கடை போட்டு விளையாடும் சந்தை, இந்த வருடம் இயக்ககத்தின் பொறுப்பில் நடந்தது. எந்தப் பள்ளிக் கெர்மெஸ் ஆனாலும் இரண்டு கூடாரம் கட்டாயம் இருக்கும். ஒன்று கல்யாணப் பதிவகம். யாராவது ஒரு சீட்டு வாங்கி, இவனுக்கும் இவளுக்கும் என்று சொன்னால் போதும். அட்டைத் தொப்பி போட்ட பையன்கள் ஓடிப்போய் ஜோடியைப் பிடித்து இழுத்துவருவார்கள். காகிதப் பூ முக்காடு, தகர மோதிரம், பொய்ச் சான்றிதழ். ஒப்துலியா தன் பதினைந்தாவது வயதில் ஒரே நாளில் மூன்று பேரைக் கட்டியவள். மற்றது சிறை. மாட்டேன் என்கிறவர்களை அங்கே தள்ளுவார்கள். ஒரு சீட்டுக்குப் பத்து நிமிஷம். விடுதலைச் சீட்டு என்று ஒன்றை யாராவது வாங்கிக் கொடுத்தால் முன்னாடியே வெளியே வரலாம். யாருக்கும் இதில் கெட்ட எண்ணம் கிடையாது. காலம் காலமாக நடக்கிற சிரிப்பு.

இந்த வருடம் பதிவகத்துக்கு மேலே இயக்ககத்தின் ஃப்ளெக்ஸ் தொங்கியது: 'மாட்டேன் என்றால் மாட்டேன்தான்!' அதற்கு நேர் கீழே பிள்ளைகள் எழுதிய பலகை: 'மாட்டேன் என்றால் சிறை.'

ஃப்ளெக்ஸின் ஓர வளையத்தில் கயிறு கோத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒப்துலியா அதை லிசென்சியாதாவிடம் காட்டினாள்.

"மேல இருக்கிறது கொள்கை, தோன்யா. கீழ இருக்கிறது நடைமுறை. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

மேடையில் பதினான்கு நாற்காலி. பதினான்கு பேரின் பெயரையும் பதவியையும் படித்து, ஒவ்வொருவருக்கும் கைதட்டி முடிக்க ஐம்பது நிமிஷம் ஆயிற்று. பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு விசிறியால் காதை மூடிக்கொண்டார்கள். மேயர் வந்தார். மீசை நேரில் கொஞ்சம் சின்னது.

"என் ஆட்சியில் காதல் பாதுகாப்பாக இருக்கிறது," என்றார். "நான் இளைஞனாக இருந்தபோது இப்படிப்பட்ட இயக்ககம் கிடையாது. என் மனைவி என்னை ஏழு முறை மறுத்தார். ஏழு முறை! இன்றைய இளைஞர்களிடம் அந்த விடாமுயற்சி இல்லையே என்று கவலைப்பட்டேன். இதோ, நம் தூதரைப் பார்க்கிறேன். கவலை தீர்ந்தது."

எட்சன் பட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து தலைகுனிந்தான். மேயரின் மனைவி மேடையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்து கடைகள் திறந்ததும் எட்சன் நேராகப் பதிவகத்துக்குப் போய்ச் சீட்டு வாங்கினான். தூதருக்குக் கல்யாணம் என்றதும் படம் எடுக்கிறவர்கள் இரண்டு பேரும் ஓடினார்கள். அட்டைத் தொப்பிப் பையன்கள் யாரெலியைச் சோளக் கடைப் பக்கம் பிடித்தார்கள். ஒருவன் முக்காட்டைத் தலையில் போட்டுவிட்டான்.

"ஒரே ஒரு படம் கண்ணு," என்றார் லிசென்சியாதா. "சமரசத்தோட ஆதாரம். ஆண்டறிக்கைக்கு இது ஒண்ணுதான் பாக்கி."

"மாட்டேன்."

"சிரிச்சுக்கிட்டே சொல்லு, அழகா இருக்கும்."

"மாட்டேன்னா மாட்டேன்."

"அப்ப சிறைதான்!" என்று பையன்கள் கத்தினார்கள். யாரெலி முக்காட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் தானே நடந்து சிறைக்குப் போனாள்.

சிறை என்பது நாலு கம்பும் கோழிவலையும். வலை பள்ளிக் காவலாளியுடையது, அவர் வீட்டுக் கோழிக்கூண்டிலிருந்து கழற்றி வந்தது. காகிதப் போலீஸ் தொப்பி வைத்த குண்டுப் பெண் ஒருத்தி காவல். கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். எட்சன் வந்து வலையில் விரலைக் கோத்து நின்றான்.

"நானும் உள்ள வர்றேன்."

"ஒரு கைதிக்கு ஒரு கூண்டு. விதி," என்றாள் குண்டுப் பெண். "தூதரா இருந்தாலும் சரி. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். எட்சன் அதைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், பின்வாங்கி நின்றான்.

ஒப்துலியா அதைக் கண்ணால் கண்டாள். இயக்குநர், துணை இயக்குநர்கள், நபோர், பள்ளி முதல்வர், யாராலும் ஆகாதது ஒரு சுண்ணாம்புக் கோட்டால் ஆகிவிட்டது. ஒரு சோளக் கோப்பை வாங்கி வலை ஓட்டை வழியாக நீட்டினாள். யாரெலி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மிளகாயும் எலுமிச்சையும் உதட்டில் வழியச் சாப்பிட்டாள். மாதக்கணக்காக அவள் இப்படித் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டு ஒப்துலியா பார்க்கவில்லை.

"உள்ள நல்லாருக்கும்மா. நீயும் ஏதாவது தப்புப் பண்ணிட்டு வாயேன்."

பத்து நிமிஷம் முடிந்தது. எட்சன் விடுதலைச் சீட்டோடு வந்தான். ஒப்துலியா பாய்ந்து ஒரு சிறைச் சீட்டு வாங்கினாள். "இன்னும் பத்து நிமிஷம் போடு கண்ணு. இவ என் பேச்சைக் கேக்கிறதில்லை."

அவன் இன்னொன்று வாங்கினான். அவளும் வாங்கினாள். கூட்டம் சேர்ந்தது. "விடாதீங்க தோன்யா!" என்று ஒரு பக்கம், "தூதரே, மாமியாரை ஜெயிச்சுக் காட்டு!" என்று இன்னொரு பக்கம். சிரிப்பு கூரையைத் தூக்கியது. ஒப்துலியா சிரிக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தாள். லிசென்சியாதா இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, "பாருங்க, குடும்பப் பங்கேற்பு!" என்று துணை இயக்குநர்களுக்குக் காட்டினார். படக்காரன் யாரெலியைப் படம் பிடித்தான். கையில் சோளக் கோப்பை, வாய் நிறையச் சிரிப்பு, முன்னால் வலை.

ஒரு மணிக்குச் சீட்டுக் கட்டு தீர்ந்தது. ஒப்துலியா பழைய சீட்டின் பின்புறத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். குண்டுப் பெண் அவளையும், உள்ளே இருந்தவளையும், கோட்டுக்கு அப்பால் நின்றவனையும் மாறி மாறிப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு மணி அடித்தது. காவலாளி குறட்டோடு வந்தார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும், ஐயா," என்றாள் ஒப்துலியா. "கும்பிட்டுக் கேக்கிறேன்."

"கோழி காலையிலிருந்து வெளிய திரியுதும்மா. நாய் இருக்கிற ஊரு. பாதுகாப்பு வேணாமா?"

அவர் நியாயமானவர். கம்பியை ஒவ்வொன்றாக அறுத்து வலையைச் சுருட்டினார். யாரெலி எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் ஒன்றுமில்லாத இடத்தில், நாலு கம்புக்கு நடுவில், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஒரு சீட்டு இருக்காம்மா?"

வீடு வரை எட்சன் இருபது அடி பின்னால் வந்தான். பட்டையைக் கழற்றவில்லை. ஒப்துலியா திரும்பிப் பார்த்தபோதெல்லாம் நின்று மரியாதையாகத் தலையசைத்தான். இடைவெளியை மதிக்க வேண்டும் என்பது மூன்றாவது வாரப் பாடம்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் யாரெலி பஸ் ஏறினாள். வடக்கே, எல்லையோர நகரத்தில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்கு. இரண்டு பகல் இரண்டு ராத்திரிப் பயணம். பள்ளி இல்லை, ஐந்து வயதிலிருந்து கூட இருந்த சிநேகிதிகள் இல்லை. அங்கே பெரியம்மா வேலை செய்கிற தொழிற்சாலையில் பதினெட்டு என்று சொல்லிச் சேர்த்துவிடுவார்களாம். கைபேசி எண்ணை மாற்றிக்கொண்டாள். ஒப்துலியாவுக்கே அந்த எண் மனப்பாடம் மட்டும்தான். எங்கும் எழுதி வைக்கக் கூடாது. இயக்ககத்துக்கு எப்படித் தெரிந்ததோ, கடிதம் வந்தது. 'பயனாளி நகராட்சி எல்லைக்கு வெளியே சென்றுவிட்டதால் விவகாரம் இனிதே முடிக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' எட்சன் ஒரு வாரம் வாசலில் நின்றான். பிறகு வரவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தான். கூட ஒரு பெண், பள்ளிச் சீருடையில். பதினைந்து வயதிருந்தால் அதிகம். நொயேலியா என்று பெயர்.

"வணக்கம், அத்தை. லிசென்சியாதா ஆர்டர் கொடுத்து அனுப்பினாங்க." பென்டிரைவை மேசையில் வைத்தான். எழுந்து நின்று பேசுகிற பையன், இன்னும் அப்படியேதான்.

ஒப்துலியா திறந்தாள். மூன்று மீட்டருக்கு ஆறு. நகராட்சி மாளிகை முகப்புக்கு. 'காதல் வன்முறை இல்லாத முதல் ஊர்! ஏழு, எட்டு, ஒன்பதாம் நிலைகளில் ஓராண்டாக ஒரு புகார்கூட இல்லை!' நடுவில் படம். வலைக்குப் பின்னால் யாரெலி, கையில் சோளக் கோப்பை, வாய் நிறையச் சிரிப்பு.

"அடிக்க மாட்டேன்."

"நீங்க அடிக்கலேன்னா பக்கத்து ஊர்ல அடிப்பாங்க, அத்தை. உங்க கைன்னா முகம் தெளிவா விழும்னுதான்." அவன் சட்டைப் பையில் ஒரு கைபேசி மணி அடித்தது. எடுத்துப் பார்த்து, அணைத்து, மறுபடி பையில் போட்டுக்கொண்டான். இளஞ்சிவப்பு உறை போட்ட கைபேசி. நொயேலியா அந்தப் பையையே பார்த்தாள்.

அவள் கையில் விசிறி இருந்தது. விரித்து மடக்கி, விரித்து மடக்கி, நகம் கடிக்கிறவர்கள் மாதிரி.

"அம்மா, நீங்கதானே இதை அடிச்சது? இந்த மீசைக்குக் கீழ என்னமோ எழுத்தோட வால் வால் மாதிரித் தெரியுதே. இங்க ஏதாவது இருந்துச்சா?"

ஒப்துலியா எழுந்தாள். மனப்பாடமாக, ஏழையும் எட்டையும் ஒன்பதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். எட்சனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டு முடித்தான்.

"அது பழைய பதிப்பு, அத்தை. புதுசுல அதெல்லாம் கிடையாது." விசிறியை நொயேலியாவின் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மடிப்பு மடிப்பாக மூடி, அவள் பையில் செருகினான். "நான் வண்டியை எடுக்கிறேன். சீக்கிரம் வா."

வெளியில் மோட்டார் சைக்கிள் ஒரு உதையில் கிளம்பவில்லை. இரண்டாவது உதை. நொயேலியா வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பி, அவசரமாக, உதடு அதிகம் அசையாமல் கேட்டாள்.

"ஏழுக்கு யார்கிட்ட போகணும், அம்மா?"

ஒப்துலியா வாயைத் திறந்தாள். இயக்ககத்தை நினைத்தாள், நபோரை நினைத்தாள், அரசு வக்கீல் ஆபீசை, தோட்டத்துறைக்காரரை. மனசுக்குள் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒரு இடம்தான் இருந்தது. நாலு கம்பு, கோழிவலை, ஒரு சுண்ணாம்புக் கோடு, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்ட ஒரு குண்டுப் பெண். அது திறக்க இன்னும் பதினொரு மாதம் இருந்தது. திறந்தாலும் இரண்டு மணி வரைக்கும்தான்.

மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது.